மூன்று முறை தட்டிய கதவு

ஜனவரி 6

இந்த டைரி நிலோஃபர் கொடுத்தது. என் அறைத்தோழி, மதுரைக்காரி, திட்டமிடல் வகுப்பில் என்னோடு படிக்கிறாள். "ரெண்டு கோர்ஸ் படிக்கிறவளுக்கு இன்னைக்கு எங்க இருந்தோம்னே மறந்துரும். எழுதி வச்சுக்க" என்றாள்.

எழுதி வைக்கிறேன். மூன்றாம் மாடியில் நகர வடிவமைப்பு முதுகலை. தரைத்தளத்தில் நகரத் திட்டமிடல் முதுகலை. மேலே நகரத்தை வரைகிறோம், கீழே எண்ணுகிறோம். தனித்தனியாகப் படித்தால் நான்கு வருடம், சேர்த்துப் படித்தால் மூன்று. எங்கள் கல்லூரியில் இரட்டைப் பட்டத்தில் சேர்ந்த முதல் ஆள் நான். சேர்க்கை விளம்பரத்தில் என் படம் போட்டிருக்கிறார்கள், மாடிப்படியில் நின்று சிரிக்கிறேன். என் நாளில் பாதி அந்தப் படியில்தான் போகிறது, சிரிப்புதான் இல்லை.

அம்மா கோவில்பட்டியிலிருந்து போனில்: "ஒண்ண ஒழுங்காப் படிச்சாப் போதாதா, எதுக்குட்டி ரெண்டு? பட்டம் வாங்குன போட்டோ ரெண்டு மாட்டணும்னா செவத்துல எடமில்ல, பாத்துக்க."

ஜனவரி 13

கணக்கெடுப்பு தொடங்கியது. கால்வாய்க் கரையில் உப்புக்கிடங்கு என்று ஓர் இடம். கிடங்கு போய் எத்தனையோ காலமாகிறது, பெயர் மட்டும் இருக்கிறது. அறுபத்திரண்டு வீடுகள். கரையைச் சீரமைக்கப் போகிறார்கள், அங்கே இருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு. யார் யாருக்கு என்பதை முடிவுசெய்ய வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையை மாற்று வீடு ஒதுக்கும் அரசு அலுவலகம் எங்கள் திட்டமிடல் துறையிடம் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அது மதிப்பெண்.

மூன்றாம் மாடியில் என் வடிவமைப்புத் திட்டமும் இதே கரைதான். நடைபாதை, மரங்கள், தண்ணீரில் இறங்கும் படிகள். இரண்டு பட்டத்துக்கும் ஒரே இடத்தை எடுத்தால் அலைச்சல் மிச்சம் என்று நானே கேட்டு வாங்கினேன். அவ்வளவு சாமர்த்தியம்.

பேராசிரியர் மார்க்கண்டன் விதிகளைச் சொன்னார். ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் எண் எழுத வேண்டும். பூட்டிய வீடு என்றால் மூன்று வெவ்வேறு நாள் போய்த் தட்ட வேண்டும், மூன்று தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறையும் ஆள் இல்லையென்றால் 'குடியிருப்போர் இல்லை' என்று குறிக்கலாம். அந்த வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது.

எண் எழுத எழுத ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். "நம்பர் போட்டா வூடு கன்ஃபாமாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "நாங்க காலேஜ்லேந்து வர்றோம்" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜனவரி 20

நிலோஃபருக்குக் காய்ச்சல். அவள் பங்குக்கு வந்த வீட்டு வரிசையையும் நானே முடித்தேன். முப்பத்தெட்டாம் வீடு பூட்டியிருந்தது. பச்சைக் கதவு, சின்னத் திண்டுக்கல் பூட்டு. தட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பூஷணம் மீன் வெட்டப் போயிருக்கும். மத்தியானம் வந்துரும், இரு" என்றார். இருக்க முடியவில்லை. நாளை மறுநாள் மூன்றாம் மாடியில் ஜூரி, நடுவர்கள் மதிப்பிடும் நாள், மாடல் இன்னும் பாதிதான் ஒட்டியிருக்கிறேன். எண்ணை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

38: ஆள் இல்லை (1).

ஜனவரி 22

ஜூரி முதல் நாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எழுந்து போக முடியாது, வெளியிலிருந்து வந்த நடுவர்கள் வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். என் முறை நான்கு மணிக்கு வந்தது. படிகளின் மாடலை ஒரு நடுவர் குனிந்து பார்த்து, "இங்கே மனுஷங்க உட்காருவாங்கன்னு நம்ப முடியுது" என்றார். நின்று நின்று வந்த கால்வலி எல்லாம் போய்விட்டது. கேன்டீனில் இரண்டு பஜ்ஜி.

38: ஆள் இல்லை (2).

ஜனவரி 24

ஜூரி இரண்டாம் நாள். மற்றவர்கள் வரைபடங்களுக்கும் உட்கார்ந்தே ஆக வேண்டும், காலையும் மாலையும் வருகைக் கையெழுத்து. இன்று கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது, இறங்கும்போது ஐந்தரை. படிவம் ஒப்படைக்க ஆறு மணி கெடு. ஒப்படைத்தாயிற்று.

38: ஆள் இல்லை (3).

பிப்ரவரி 3

மார்க்கண்டன் சார் என் படிவங்களை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இப்படி இருக்கணும்." அறுபத்திரண்டில் அறுபத்தொரு வீடு தகுதி.

துணி துவைக்க வேண்டும். ஹாஸ்டலில் தண்ணீர் மூன்று நாளாகச் சரியில்லை.

மே 17

ஊரில் இருக்கிறேன். நிலோஃபர் போன் செய்தாள், உப்புக்கிடங்கை நேற்று இடித்துவிட்டார்களாம். லாரிகள் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போயினவாம், பெரிய தகராறு எதுவும் இல்லையாம். நல்லது.

அம்மா மாவடு போட்டாள். நான் காம்பு கிள்ளிக் கொடுத்தேன்.

ஜூன் 14

வடிவமைப்புத் திட்டத்துக்காக உப்புக்கிடங்கை மறுபடி அளக்கப் போனேன். காலியாக இருக்கும் என்று நினைத்தேன். கரை முழுக்கச் செங்கல் துண்டும் கிழிந்த தார்ப்பாயும். நடுவில், சிமெண்ட் தரை ஒன்று உடையாமல் கிடந்த இடத்தில், நீலத் தார்ப்பாயைக் குச்சியில் கட்டி அதன் கீழே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. பக்கத்தில் ஸ்டவ், இரண்டு குடம், ஒரு மீன்வெட்டும் அரிவாள்மணை.

என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். "நீ அந்தக் காலேஜா கண்ணு? சுபாஷிணின்னு ஒரு பொண்ணு, தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அட்டையில் பெயர் இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. "நான்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மீன் வாடை.

"மன்னிச்சிக்கம்மா. நீ மூணு வாட்டி வந்து தட்டினியாமே. ஆபீஸ்ல பேப்பரக் காட்னாங்க, தேதி போட்டு கையெய்த்து போட்டுக்கீறன்னு. இந்த வெயில்ல அவ்ளோ தூரம் வந்து நின்னுட்டுப் போயிருக்க. நான்தான் பாவி, தொறக்கல."

அவரே தொடர்ந்து சொன்னார். பெயர் நாகபூஷணம். ஜனவரி இருபத்தொன்றாம் தேதி காலில் வெந்நீர் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். பத்து நாள் வீட்டைவிட்டு நகரவில்லை.

"முதல் நாள் வேலைக்குப் போய்ட்டேன், சரி. இருவத்திரண்டு, இருவத்திநாலு ரெண்டு நாளும் வூட்லதான் கால நீட்டிக்கினு படுத்துக் கெடந்தேன். கதவுகூட சாத்தல, சும்மா ஒருக்களிச்சு வெச்சிருந்தேன். நீ தட்டினது எப்டி கேக்காம பூட்சி? மாத்திர குட்த்தாங்க, தூங்கிட்டேன் போல. அவ்ளோ தூக்கம் எனக்கு எங்கேந்து வந்துச்சுன்னே தெரில கண்ணு."

டீ போடட்டுமா என்று கேட்டார். பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அளவு எடுக்கவில்லை.

ஜூன் 15

அந்தக் கதவு பூட்டியிருந்தது. நான் பார்த்தேன்.

ஜூன் 21

மத்தியானம் அறையில் தனியாக இருந்தேன். கதவைத் தட்டினார்கள், மூன்று தட்டு, அவசரமில்லாமல். திறந்தால் யாரும் இல்லை. வராந்தாவின் கடைசியில் ஒரு வாளி மட்டும் இருந்தது. முதலாமாண்டுப் பெண்களின் விளையாட்டாக இருக்கும்.

சாயங்காலம் நிலோஃபர் வந்து, "கதவ ஏன் இப்படி ஆன்னு தொறந்து போட்டுருக்க, கொசு வராதா?" என்றாள். காற்றுக்கு என்றேன்.

ஜூலை 2

இறுதித் திட்டத்துக்குப் படங்கள் தயாரிக்கிறேன். வரைந்த இடம் உயிரோடு தெரிய வேண்டும் என்பதற்காக வெட்டிய மனித உருவங்களை ஒட்டுவோம். நாயோடு நடப்பவர், பலூன் பிடித்த குழந்தை, மடிக்கணினியோடு ஒருத்தி. உலகத்தில் எல்லா வடிவமைப்புக் கல்லூரியிலும் இதே ஆட்கள்தான், சென்னையிலும் இவர்கள்தான் வாக்கிங் போகிறார்கள்.

இன்று அச்சுக்கு அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்தேன். படிகளின் நடுவில், மரத்தடியில், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். காலை நீட்டிக்கொண்டு, கதவு திறப்பதைப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி. நான் இவரை வைக்கவில்லை. அதே கணினியில் வேலை செய்யும் இரண்டு பேரையும் கேட்டேன், தொடவில்லை என்றார்கள். கோப்பில் யார் எப்போது என்ன சேர்த்தார்கள் என்று பதிவாகும், அதைத் திறந்து பார்த்தேன். ஜூன் 14, மாலை 5.10. என் பெயர்.

எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் மரத்தின் நிழல் சரியாக வரவில்லை.

ஜூலை 8

சாப்பிடும்போது நிலோஃபர் திடீரென்று கேட்டாள். "ஏய், முப்பத்தெட்டாம் வீடு என் வரிசைதானே? எனக்குக் காய்ச்சல்னு நீ போன. இருவத்திரெண்டு, இருவத்தி நாலு உனக்கு ஜூரில்ல? எப்ப போன?"

"நடுவுல போயிட்டு வந்தேன்."

"நடுவுல விடுவாய்ங்களா?"

"விட்டாங்க."

அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து வழியும் வரை. அவளுக்குத் தேதியெல்லாம் நினைவில் நிற்காது, என் பிறந்தநாளையே மறப்பவள்.

ஜூலை 11

நான் போன இரண்டாவது நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேகமூட்டம். கால்வாயிலிருந்து வாடை. பச்சைக் கதவின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் உரிந்து அடியில் நீலம் தெரிந்தது. மூன்று முறை தட்டினேன். உள்ளே யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். ஆள் இருமியிருந்தால் நான் ஏன் திரும்பி நடந்தேன்?

ஜூலை 19

உப்புக்கிடங்குப் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பஸ் அந்த வழியாகப் போனது, இறங்கிவிட்டேன்.

தார்ப்பாயின் கீழே நாகபூஷணம் அக்காவோடு அவர் மகன் டில்லி இருந்தான். இருபத்தேழு வயதிருக்கும், மீன் மார்க்கெட்டில் ஐஸ் இறக்குகிறான். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மாவிடமும் அவன் பேசவில்லை. குடத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம், "இதுகிட்ட சொல்லுங்க, தண்ணி வெச்சிருக்குன்னு" என்றான். நான்கு அடி தள்ளித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவன் போன பிறகு நாகபூஷணம் அக்கா சொன்னார். "வூட்ட இடிச்ச அன்னிலேந்து இப்டித்தான். 'எல்லாரும் வூடு வாங்கிக்கினாங்க, நீ தூங்கியே தொலச்சிட்ட'ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னான். அவ்ளோதான். இன்னிக்கி வரைக்கும் அம்மான்னு கூப்டல. அவன் சொல்றது ஞாயந்தானே. இப்பல்லாம் நான் பகல்ல கண்ண மூட்றதே இல்ல. யாராச்சும் வந்துட்டுப் பூடுவாங்களோன்னு."

உண்மைதான். பேசும்போதுகூட அவர் கண் தெருப்பக்கம்தான் இருந்தது. கதவே இல்லாத இடத்தில் உட்கார்ந்து கதவைக் காவல் காக்கிறார்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி அலுவலகத்தில் மேல்முறையீட்டு விசாரணை. அவரை ஒரே ஒருமுறை கேட்பார்கள், அதோடு பட்டியல் மூடப்படும். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் வா கண்ணு. நீ வந்து தட்டினது நிஜம், நான் மாத்திர போட்டுத் தூங்கிட்டதும் நிஜம், பாவம் மன்னிச்சு உட்ருங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. படிச்ச பொண்ணு சொன்னா கேப்பாங்க."

வருகிறேன் என்றேன்.

அந்த மன்னிப்புக்கு விதியில் இடமில்லை. விதியை எங்களுக்குப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள், மனப்பாடமாகத் தெரியும். மூன்று முறை தட்டி ஆள் இல்லையென்றால் வீடு இல்லை. தூங்கினாலும் இல்லை, செத்தாலும் இல்லை. அவருக்கு வீடு கிடைக்க ஒரே வழி, தட்டவே இல்லை என்று ஆவதுதான்.

சரி, எழுதிவிடுகிறேன். தட்டவில்லை. இருபதாம் தேதி ஒருமுறை போனேன், அவ்வளவுதான். மற்ற இரண்டு தேதியையும் ஜூரி முடிந்து இறங்கி வந்து, தரைத்தளத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்தில் எழுதினேன். மை வேறாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு பேனா மாற்றினேன்.

ஜூலை 26

மார்க்கண்டன் சாரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார், எனக்கும் நீட்டினார்.

"கள ஆய்வுல பொய்த் தகவல் கொடுத்தா பதிவு ரத்து. உங்களுக்கு ரெண்டு பட்டமும் ஒரே பதிவு எண்ல இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்தம்மாவுக்கு ஏதாவது பண்ணலாம். வேற எடத்துல, வேற திட்டத்துல சேர்க்கச் சொல்லி நானே ஆபீஸ்ல பேசறேன். கொஞ்ச நாளாகும். நீங்க உண்மையச் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. எங்க சொல்றோம், எப்பச் சொல்றோம்னு ஒண்ணு இருக்கு. அக்டோபர்ல முடிச்சிருவீங்க. அதுக்கப்புறம் யோசிங்க."

கெட்டவர் இல்லை அவர். அவர் சொன்னதைத்தான் நானும் ஆறு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது.

ஜூலை 29

வடிவமைப்புத் துறை அலுவலகத்தில் ஜனவரி மாத வருகைப் பதிவேட்டின் நகல் கேட்டேன். எதற்கு என்றார் கிளார்க். உதவித்தொகைக்கு என்றேன். பொய் இப்போதெல்லாம் தடுக்காமல் வருகிறது. முத்திரை குத்திக் கொடுத்தார். 22 காலை, மாலை. 24 காலை, மாலை. நான்கு கையெழுத்தும் என்னுடையவை, தெளிவாக.

ஆகஸ்ட் 5

அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை. போட்டோ மாட்ட இடம் பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம், நிலோஃபரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, மூன்று அதிகாரிகள், நடுவில் ஒரு பெண் அதிகாரி. நாகபூஷணம் அக்கா புதுச்சேலை கட்டியிருந்தார். டில்லி சுவரோரம் நின்றான். நிலோஃபர் கூப்பிடாமலே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா முதலில் பேசினார். ஒப்பிப்பதுபோல, தான் தூங்கிவிட்டதையும் மாத்திரையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சொன்னார். "தப்பு என்னுதுதான் மேடம்" என்று முடித்தார். அதிகாரி அலுப்போடு தலையை ஆட்டினார். "தூங்கிட்டேன்னு சொன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் போன ஸ்டூடண்டா? சொல்லுங்க."

எழுந்தேன். படிவத்தில் என் கையெழுத்தைக் காட்டினேன். அதன் பக்கத்தில் வருகைப் பதிவேட்டின் நகலை வைத்தேன். "இந்த ரெண்டு நாளும் நான் காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் காலேஜ்ல இருந்தேன் மேடம். இவங்க வீட்டுக்குப் போகல. தேதிய நானே போட்டேன். இவங்க தூங்கல. யாரும் தட்டல."

அதிகாரி இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மற்ற இருவரும் குனிந்தார்கள். "இதோட விளைவு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" தெரியும் என்றேன். எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கல்லூரிக்குக் கடிதம் போகும் என்றார். நாகபூஷணம் பெயரைப் பட்டியலில் சேர்க்க இன்றே குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். 'குடியிருப்போர் இல்லை' என்பதை அவர் பேனாவால் அடித்ததை நான் பார்த்தேன்.

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப நான் தூங்கல" என்றார் மெதுவாக. அதிகாரியிடம் இல்லை, டில்லியைப் பார்த்து. "டேய், நான் முயிச்சிக்கினுதான்டா இருந்தேன். கதவு தொறந்துதான்டா இருந்துச்சு." அவன் வந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினான். "வாம்மா" என்றான்.

வெளியே படியில் அக்காவும் டில்லியும் உட்கார்ந்திருந்தார்கள். டில்லி ஆட்டோ பார்க்கப் போனான். நிலோஃபர் தூரத்தில் நின்றுகொண்டாள். நான் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன், வாயில் வந்தது வேறு. "நீங்க புது வீட்டுக்குப் போனதும் ஒருநாள் வந்து பாக்குறேங்க்கா" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஜூன் மாசம் உன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேனே. அப்பச் சொல்லிருக்கலாம் இல்ல?"

"ஆமாக்கா."

"எம் புள்ள சொன்னத வுடு. நானே என்ன நம்பல. ராத்திரி பகலு முயிச்சிக்கினு குந்தினு இருந்தேன், பைத்தியம் புட்ச்சிருச்சோன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கி வந்து சொன்ன, நல்லா இரு. ஆனா வூட்டுக்கு வராத கண்ணு. வந்து தட்டினா நான் உள்ளதான் இருப்பேன். காதும் கேக்கும். தொறக்க மாட்டேன்."

ஆட்டோ வந்தது. டில்லி அவரை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.